ஒரே கொக்கிக்கு இரண்டு பதில்

"இந்த வேலையைச் செஞ்சவன் எவனோ, அவன் மனுசனே கெடையாதுங்க! கையில கெடச்சான்னா செவுள்ல நாலு விட்டுட்டுத்தான் மேக்கொண்டு பேச்சே!"

மயில்சாமி போட்ட சத்தத்தில், கீழே டயர் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கோவை கணபதியில் அந்த டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடை சுகந்தியுடையது. அவருக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளும் மயில்சாமிக்கு ஐம்பத்திரண்டு.

மயில்சாமி உக்கடத்தில் பழைய மோட்டார் வாங்கி விற்றவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எதிராளி விலை சொல்லி வாயை மூடுவதற்குள் அதைப் பாதியாக்கிவிடுவார். கூட்டாளி ஒருவன் அவரையே மொட்டையடித்துவிட்டுப் போன பிறகு, வேறு பிழைப்புத் தேடி இந்த மாடிப்படி ஏறினார். முதல் வாரம் கிண்டலாகத்தான் சுகந்தியை "என்னுங்க குரு" என்று கூப்பிட்டார். இரண்டு வருடத்தில் கிண்டல் கழன்று விழுந்துவிட்டது. குரு மட்டும் நின்றது.

எதிரே ஸ்டூலில் வினோதா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. முகத்தில் மூன்று நாள் தூக்கம் பாக்கி.

"திட்டறது இருக்கட்டுங்ண்ணா. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் ஒரு கம்பெனியில் டிசைனர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் மெஷின் செய்கிற கம்பெனி. தொட்டில் தொங்கும் கொக்கியை வரைவது அவள் வேலை. வரைந்தால் போதாது. அது எத்தனை தடவை தூக்கினால் விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு ஓடி முடிய மணிக்கணக்கில் ஆகும்.

நேற்றுக் காலையில் போட்டாள். இந்தக் கொக்கி இரண்டு லட்சம் தடவை தூக்கும் என்றது. எதற்கும் இருக்கட்டும் என்று மத்தியானம் அதே கொக்கியை, ஒரு கோடு கூட மாற்றாமல், இன்னொரு தரம் போட்டாள். ஒன்பதாயிரம் தடவையில் விரிசல் விடும் என்றது.

நாளைச் சாயங்காலத்துக்குள் படம், கொக்கி வார்க்கும் பவுண்டரிக்குப் போக வேண்டும். எதை நம்பி அனுப்புவது? கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டாள்.

"உங்க மெஷினை எவனோ ஏத்தி விட்டிருக்கான் அம்மணி" என்றார் மயில்சாமி.

கம்ப்யூட்டரின் மூளையான புராசஸருக்கு, அதைச் செய்தவர்கள் இவ்வளவு வேகம் என்று ஒன்று வைத்து அனுப்புவார்கள். கரண்ட்டைக் கூட்டிக் கொடுத்து, அந்த வேகத்துக்கு மேல் அதை விரட்டுவதற்குக் கடைத்தெருவில் ஓவர்கிளாக் என்று பெயர். மயில்சாமி அகராதியில் 'ஏத்தி விடறது'.

"பாருங்க, இங்க பாருங்க. நாலுல ஓட வேண்டியது அஞ்சு தாண்டி ஓடிட்டு இருக்குது. வயித்துப் பொழப்புக்குன்னு ஒரு பொண்ணு வேல செய்யிற மெஷின். இதுல போயி விளையாடியிருக்கான். இவனுக்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரை எவன் கையில குடுத்தானோ!"

மூலையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த குரு நிமிரவில்லை.

"நிறுத்துங்கண்ணா, வினோதா பயந்துக்கப் போறாங்க."

"பயப்படட்டுங்க குரு! இந்த மாதிரி ஆளுகளால நம்ம தொழிலுக்கே கெட்ட பேரு. இருங்க, ஆளையே கண்டுபிடிக்கறேன். ஏத்தி விடறவன் அந்த செட்டிங்குக்கு ஒரு பேரு வெச்சு உள்ள சேத்து வெப்பான். பேரு தெரிஞ்சா ஆளு தெரிஞ்ச மாதிரி."

விசைப்பலகையில் நான்கு தட்டுத் தட்டி அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

ஆங்கில எழுத்தில் 'பழனி' என்று இருந்தது.

மயில்சாமியின் கை அப்படியே நின்றது.

அவர் இதுவரை ஏற்றிவிட்ட பதினோரு மெஷினுக்கும் அந்தப் பெயர்தான். மேற்கொண்டு முருகன் பார்த்துக்கொள்வான் என்று.

நினைவு வந்துவிட்டது. பொங்கல் கழிந்த வாரம். குரு ஊரில் இல்லை. ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் ஆள் கறுப்புப் பெட்டி ஒன்றோடு வந்தார். முதலாளி பாதி நாளில் முடிக்கச் சொல்லி நெரிக்கிறார், ஆர்டர் கொடுத்தவர் குதிக்கிறார் என்று புலம்பிக்கொண்டே, புதுசு வாங்க நாலு கடை ஏறி இறங்கியவர். "புதுசு எதுக்குங்க? இதையே புதுசு மாதிரி ஓட வெக்கறேன், பேசாம உக்காருங்க" என்று மடக்கியது மயில்சாமிதான். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க மயில்சாமிக்குத் தரையில் கால் பாவவில்லை.

நடுவில் எவனோ பெட்டியின் வெளிக்கூட்டை மாற்றி வெள்ளையாக்கியிருக்கிறான். அதுதான் அடையாளம் தெரியவில்லை.

"பேரு இருக்குதுங்களாண்ணா?" என்றாள் வினோதா.

"இல்ல அம்மணி. அழிச்சுட்டுப் போயிட்டான், திருட்டுப்பய."

சொல்லிக்கொண்டே அவரே அழித்தார். செய்தவர்கள் வைத்த பழைய வேகத்துக்குத் திருப்பினார். இரண்டு நிமிட வேலை. பெட்டியின் மூடியை மாட்டி, நாலு திருகையும் முடுக்கி, துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார்.

"அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவா ஓடும். கணக்கு சுத்தமா இருக்கும். எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேண்டாம்."

மயில்சாமி காசு வேண்டாம் என்று சொல்லி அந்த மாடி கேட்டதே இல்லை. பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்றார் குரு.

"எவனோ ஒருத்தன். விடுங்க குரு, போச்சாது."

"இப்பத்தான் கண்டுபிடிக்கறேன்னீங்க."

"அட விடுங்கன்னா! என்னமோ கொலைக் குத்தம் பண்ணுன மாதிரி!" மயில்சாமிக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. ஒரு மெஷினை ஏத்தி விடறது அவ்வளவு பெரிய தப்புங்களா? ஓடற வரைக்கும் ஓடட்டும். தாங்காட்டி நிக்கப் போகுது. நின்னா தெரிஞ்சுட்டுப் போகுது. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

குரு எழுந்து வந்து ஏசியை அணைத்தார். மின்விசிறியையும் அணைத்தார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. வெளியே சித்திரை வெயில் டயர் கடைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கண்ணா. உக்கடத்துல நீங்க வாய்க்கணக்குல பெரிய ஆளுன்னு சொல்லுவீங்களே."

"பின்ன? கால்குலேட்டர் வெச்சிருந்தவனெல்லாம் என்னைப் பார்த்துட்டுப் பாக்கெட்ல போட்டுக்குவான்."

"பதினேழு மோட்டார். ஒவ்வொண்ணும் இருபத்தாறு கிலோ."

"நானூத்தி நாப்பத்திரண்டு கிலோ."

"முப்பத்தெட்டு மோட்டார். நாப்பத்தஞ்சு கிலோ."

"ஆயிரத்து எழுநூத்திப் பத்து." மயில்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். "வேறென்னங்க?"

"இருபத்திமூணு. அறுபத்திநாலு."

கண்ணை ஒரு வினாடி மூடினார். "இருங்க... ஆயிரத்து நானூத்தி எழுபத்திரண்டு."

குரு வினோதாவைப் பார்த்தார். வினோதா கைப்பேசியில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்றும் சரி.

குரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக்.

"நான் தட்டும்போது பதில் வரணும். நிறுத்தக் கூடாது. நாப்பத்தேழு, முப்பத்தாறு."

"ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்திரண்டு!"

"அம்பத்திமூணு, எழுபத்தெட்டு."

"நாலாயிரத்து முப்பத்திநாலு!"

"அறுபத்தேழு, எம்பத்திமூணு."

"அஞ்சாயிரத்து ஐநூத்தி அறுபத்தொண்ணு!"

தட்டு வேகமானது. மயில்சாமிக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மீசைக்கு வந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் விடவில்லை. உக்கடத்து ஆள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலை வீசினார். பன்னிரண்டு கணக்கு. பன்னிரண்டு பதில். ஒன்றில்கூடத் திக்கவில்லை.

"எப்படி?" என்று மார்பை நிமிர்த்தினார்.

வினோதா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நாலு தப்புங்ண்ணா."

"சான்சே இல்ல! உங்க போன்ல கோளாறு."

"அம்பத்திமூணை எழுபத்தெட்டால பெருக்குனா நாலாயிரத்து நூத்தி முப்பத்திநாலு. நீங்க நூறு கிலோவை விட்டுட்டீங்க."

மயில்சாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நூறு கிலோவைக் காணோம்தான்.

"சொல்லும்போது தப்புன்னு தோணுச்சுங்களா?" என்றார் குரு.

"இல்லைங்க."

"சந்தேகம்?"

"துளி இல்லைங்க."

"மொதல்ல மெதுவாக் கேட்டப்ப ஒரு தடவை 'இருங்க'ன்னீங்க. விரட்டுனப்புறம் ஒரு தடவை கூட 'இருங்க'ன்னு சொல்லல."

மயில்சாமி வாயைத் துடைத்துக்கொண்டார்.

வினோதா கைப்பேசியை மடியில் வைத்தாள்.

"நேத்து போட்ட கொக்கி மட்டும் இல்லைங்க" என்றாள் மெல்ல. "நான் சேந்து மூணு மாசம் ஆச்சு. சேந்தப்பவே இந்த மெஷின் இதே வேகத்துலதான் இருந்துச்சு. எல்லாரும் பாராட்டுனாங்க, மத்தவங்களுக்கு ரெண்டு நாள் ஆகறது எனக்கு ஒரு நாள்ல முடியுதுன்னு. பதினேழு பாகம் முடிச்சுக் குடுத்திருக்கேன். எதையும் ரெண்டாந்தரம் போட்டுப் பாக்கல. நேத்துதான் மொதல் தடவையாப் பாத்தேன்."

"அதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி எடை தொங்க விட்டுப் பாக்க மாட்டீங்களா?" என்றார் மயில்சாமி.

"பாத்தோம். தாங்குச்சு. மொத நாள் தாங்குங்க. ஒன்பதாயிரமாவது தடவை தாங்குமான்னு கணக்குதானே சொல்லணும்? தினம் நாப்பது அம்பது தடவை தூக்குவாங்க." அவள் பெட்டியைப் பார்த்தாள். "போன மாசம் ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆறு மெஷின் போயிருச்சு."

கீழே காற்றடிக்கும் மெஷின் நின்றுவிட்டு, மறுபடி ஓடியது.

வினோதா எழுந்தாள். இப்போது சத்தம் போட்டது அவள்தான்.

"யாருங்க அது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. பெட்டி மேல ஒரு சீட்டு ஒட்டல. இது விரட்டி விட்ட மெஷின், சொல்றதை எல்லாம் நம்பாதேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா நான் ரெண்டு தடவை போட்டுப் பாத்திருப்பேன்ல? படத்துக்குக் கீழ என் பேருதாங்க இருக்கு. பதினேழு படத்துலயும்!"

"அவன் என்ன, வேணும்னேவா செஞ்சிருப்பான்?" என்றார் மயில்சாமி.

வினோதா திரும்பிப் பார்த்தாள். பத்து நிமிடம் முன்பு அந்த ஆளை மனுசனே இல்லை என்றவர் இவர்.

"இல்ல அம்மணி, நாயம்னு ஒண்ணு இருக்குதில்ல. நல்லது செய்யோணும்னுதான் செஞ்சிருப்பான். சும்மா ஏத்தி விட்டுட்டு அப்படியே தூக்கியா குடுத்திருப்பான்? நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுத்திருப்பான். நிக்காம ஓடியிருக்கும். அப்புறம் அவனை என்ன சொல்றது?"

"எங்க வெச்சு ஓட்டியிருப்பான்?" என்றார் குரு.

"கடையில வெச்சுத்தான்."

"கடையில ஏசி இருந்திருக்குமோ?"

"ஏசி இல்லாமயா?"

குரு வினோதா பக்கம் திரும்பினார். "உங்க ரூம்ல?"

"தகர ஷீட்டுங்க. ஒரு ஃபேன். உச்சி வெயில்ல மேசையில கை வெக்க முடியாது."

"அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?" மயில்சாமி கையை ஆட்டினார். "தகர ஷீட்டுன்னு அந்த ஸ்டோர்ஸ் ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். தை மாசக் குளுருல கொண்டாந்து குடுத்தா, சித்திரை வெயில் எவனுக்கு ஞாபகம் வரும்?"

குரு வினோதாவைப் பார்த்தார்.

வினோதா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் தை மாசம்னு சொல்லலைங்களே" என்றாள். "எனக்கே தெரியாது. எங்க ஸ்டோர்ஸ்காரர் கொண்டாந்ததும் தெரியாது."

மயில்சாமியின் காது மடல் சிவந்தது. பேரம் படியாத இடத்தில் அவர் எப்போதும் செய்வது ஒன்றுதான். அதையே செய்தார். குரலை ஏற்றினார்.

"சரி, எல்லாத்தையும் ஒருத்தன் தலையிலயே கட்டுங்க! பாதி நாள்ல முடிச்சுக் குடுன்னு நெரிச்சாரே உங்க மொதலாளி, அவரு யோக்கியருங்களா? புது மெஷின் வாங்கிக் குடுக்க முடியலைன்னா ஆர்டர் எதுக்குங்க எடுக்கறாரு? அந்த ஆர்டர் குடுத்தவன், மொத மாசமே மெஷின் வேணும்னு குதிச்சானே, அவன்? இந்தப் புராசஸரைச் செஞ்சானே, ஏத்தறதுக்குன்னே ஒரு கதவை எதுக்குத் திறந்து வெச்சான்? பூட்டி அனுப்பியிருக்க வேண்டியதுதானே! தகர ஷீட்டு போட்டவன்? எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமா நிப்பாங்க. ஸ்க்ரூ டிரைவர் புடிச்சவன் மட்டும் குத்தவாளி. ஏழாவது படிச்சவன்னா எளக்காரம்!"

மூச்சு வாங்கியது. வேர்வை சொட்டியது. கடைக்குள் ஏசி இன்னும் அணைந்தே இருந்தது.

அவர் குருவைப் பார்த்தார். "சொல்லுங்க குரு. நான் சொன்னதுல ஒண்ணு தப்புன்னு சொல்லுங்க பாப்போம்."

குரு ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளிக்காற்று உள்ளே வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி மயில்சாமியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"ஒண்ணும் தப்பில்லைங்ண்ணா" என்றார் குரு. "மொதலாளி நெரிச்சிருக்கக் கூடாது. ஆர்டர் குடுத்தவங்க குதிச்சிருக்கக் கூடாது. எல்லாம் சரிதான். சாவகாசமா ஒரு நாள் உக்காந்து அவங்க எல்லாரையும் கேப்போம். நானும் கூட வர்றேன்."

மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இந்த நேரத்துக்கு ஈரோட்டுல யாரையோ தொட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு இருப்பாங்க. அவரால தானா ஒரு கையை அசைக்க முடியாது. மேல கொக்கியைப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு. வேகத்தைப் பழையபடி கொறைச்சுட்டோம், மெஷின் சரியாயிருச்சு. அது சொல்லி முடிச்ச பதினேழு பதில் சரியாகலைங்களே."

"குரு..."

"அவன் யாருன்னு நான் கேக்கல. வினோதாவும் கேக்க மாட்டாங்க. அவன் நல்லவனாவே இருக்கட்டும். நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்தவனாவே இருக்கட்டும்."

குரு பெட்டியை மேசையின் நடுவுக்கு இழுத்து, மின்சாரம் கொடுத்தார். அது மெதுவாக விழித்துக்கொண்டது.

"மொதல்ல அவன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். ஆறு மெஷினையும் நிறுத்தச் சொல்லட்டும். ஏன்னு கேட்டா, வேற யார் பேரையும் இழுக்காம, 'என் கை வேலைங்க'ன்னு அவன் வாயாலயே சொல்லட்டும். அது முடிஞ்சதும் வந்து இந்த ஸ்டூல்ல உக்காரட்டும். பதினேழு கணக்கையும் மொதல்ல இருந்து, இந்த வேகத்துலயே, ரெண்டு ரெண்டு தடவை ஓட விட்டுப் பாக்கட்டும். வாரக்கணக்குல ஆகும். ஆகட்டும். எது தப்போ அந்தப் படத்தை எடுத்துட்டுப் பவுண்டரிக்கும் அவனே நடக்கட்டும்."

மயில்சாமி குடிக்காமலே குவளையை மேசையில் வைத்தார்.

"ஈரோட்டுக்கு அடிக்கொரு பஸ் இருக்குதுங்ண்ணா" என்றார் குரு. "இப்பவே கெளம்பச் சொல்லுங்க அவனை."